நாலாம் நம்பர் மலை வல்லாரை

மகள் திவிஷாவை இளைப்போடு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து, வீட்டிலிருந்த ஒவ்வொரு போத்தலும் நிலுஷாவுக்குப் பாம்பாகத் தெரிந்தது. டொக்டர் என்னவோ பதமாகத்தான் சொன்னார். நுளம்புச் சுருளைப் பற்ற வைக்காதீர்கள், நெடியடிக்கிற மருந்துகளைக் குறையுங்கள், எலுமிச்சம்பழமும் உப்பும் சுடுதண்ணியும் போதும் என்றார். குறையுங்கள் என்று சொன்னதை இவள் ஒழியுங்கள் என்று எடுத்துக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைக் கண்ட தாய் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

கலவான டவுனிலிருந்து பஸ் ஏறி, முடக்கு முடக்காக மலை ஏறி வந்தால் அந்தத் தேயிலைத் தோட்டம். சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் கிடப்பதால் மழைக்குக் கணக்கே கிடையாது. சுவர் எப்போதும் ஈரம், துணி எப்போதும் ஈரம், பாயைத் தூக்கினால் பூஞ்சணம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நிலுஷாவின் காம்பரா கடைசி அறை. ஊர்க்கதை பேச வருகிறவர்கள் அதுவரை நடக்கச் சோம்பல்பட்டு நடுவிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் அவள் போத்தல்களை வெளியே எறியத் தொடங்கிய அன்று எல்லோருமே கடைசிக் காம்பரா வரைக்கும் வந்து பார்த்தார்கள்.

நுளம்புச் சுருள் போய் வலை வந்தது. பினாயில் போய் எலுமிச்சம்பழத் தோல் போட்டுக் கொதித்த தண்ணி வந்தது. சட்டி கழுவச் சலித்த சாம்பலும் தேங்காய்த் தும்பும். பிள்ளையின் உடுப்புக்குச் சலவைப் பவுடர் கிடையாது. காட்டோரம் விழுந்து கிடக்கிற பெனலக் கொட்டையைப் பொறுக்கி வந்து ஊறப்போட்டு, அந்த நுரையில்தான் அலசினாள். பேன் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெயும் பேன்சீப்புமாகப் பிள்ளையை மடியில் அமுக்கிப் பிடித்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் பிடித்து வைக்கிற அந்த வெள்ளைக் கேன். களைமருந்து வந்த கேன்தான். ஆனால் தோட்டத்தில் அது கிடைப்பதற்கு ஸ்டோரில் ஆள் பிடிக்க வேண்டும். எந்தக் காம்பராவுக்குப் போனாலும் கதவு மூலையில் ஒன்று நிற்கும். அதை அவள் கத்தியால் கிழித்தே போட்டாள்.

பக்கத்துக் காம்பரா சுப்பம்மா வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏன்டி மருமகளே, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். நாங்கல்லாம் அந்தக் கேன் தண்ணியக் குடிச்சிதான்டி புள்ள பெத்தோம்."

"நீங்க குடிங்க அத்த. ஒங்களுக்கு எமன் வந்தாலும் வெத்தல மடிச்சிக் குடுத்து அனுப்பிருவீங்க."

"அடி செருப்பால! கேன கிழிக்கிறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் எடுத்திருப்பேன்ல."

"அதுக்குத்தான் கேக்காம கிழிச்சேன்."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போனது. சிரிப்பில்லாமல் போனது புருஷன் உதயராஜ் விசயம். அவன் மருந்தடிக்கிற ஆள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மலை மலையாகப் புல்லுக்கு மருந்தடிப்பது அவன் வேலை. வாசலில் காலை வைத்ததுமே பிள்ளை "அப்பா" என்று காலைக் கட்டிக்கொள்ளும். நிலுஷா நடுவில் கையை நீட்டி மறித்தாள்.

"மொதல்ல குளிச்சிட்டு வாங்க. அந்தச் சட்டைய உள்ளுக்குக் கொண்டு வராதீங்க."

"வேல செஞ்சிட்டு வாரவன வாசல்ல நிக்க வைக்கிறியே, நான் என்ன நாயா?"

"நாய்னா கட்டிப்பிடிச்சிருப்பேன். நாய் மேல மருந்து இல்ல."

அவன் முகம் சுருங்கித்தான் போனது. ஆனாலும் தண்ணி விழும் பீலிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தான். மறுநாள் சொல்லாமலே குளித்துவிட்டு வந்தான். அவளுக்கு அது போதவில்லை. அடுத்ததாக டேங்கில் கை வைத்தாள்.

மருந்தடிக்கிறவர்கள் வேலை முடிந்து டேங்கைக் கழுவுவது லயத்துக்கு மேலே உள்ள ஆற்றில். அந்த ஆற்றுத் தண்ணிதான் இறங்கி வந்து லயத்துப் பீலியில் விழுகிறது. காலம் காலமாக அப்படித்தான். யாரும் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

"அந்தத் தண்ணியிலதாங்க பாப்பாவ குளிப்பாட்டுறேன். அந்தத் தண்ணியிலதான் சோறாக்குறேன். நான் வீட்டுக்குள்ள சாம்பலப் போட்டுத் தேச்சு என்ன, நீங்க மேல இருந்து கரைச்சி விட்டா?"

"எல்லாரும் அங்கதான் கழுவுறாங்க. நான் மட்டும் டேங்க தலையில வச்சிட்டு எங்க போறது?"

"எங்கயாவது போங்க. ஆளு போகாத எடத்துல கழுவுங்க."

அவள் கண் கலங்கியதைக் கண்டு உதயராஜ் அடங்கினான். "சரி சரி. அழுவாத. கழுவல." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்போது அடைமழைக்காலம். மழையில் மருந்து நிற்காது என்று மருந்தடியையே நிறுத்தி, அவனை மண் கிளறுகிற முள்ளுக்குத்துக்கும் வடிகால் கான் வெட்டுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளை தேறினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே தேறினாள். மழையிலும் நெஞ்சு கத்தவில்லை. இரவு முழுக்கத் தூங்கினாள். கன்னத்தில் சதை போட்டது. நிலுஷாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீடு சுத்தமாகிவிட்டது, இனி வாய்க்குள் போவதையும் சுத்தமாக்க வேண்டும் என்று கிளம்பினாள். டவுன் மரக்கறியில் என்னென்ன அடித்திருக்கிறார்களோ என்று சந்தேகம். அப்போதுதான் அவளுக்கு நாலாம் நம்பர் மலை கண்ணில் பட்டது.

நாலாம் நம்பர் தோட்டம் கைவிட்ட மலை. தேயிலை மரமாக வளர்ந்து, கொடி ஏறி, பாதி காடாகிவிட்டது. கொழுந்தெடுக்க யாரும் போவதில்லை, மருந்தடிக்கவும் போவதில்லை. அங்கே மேல் கான் ஓரம் முழுக்க வல்லாரை, ஒவ்வொரு இலையும் ரொட்டித் தட்டு போல. பன்றிக்குத் தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள், தனியாகப் போகாதே என்று உதயராஜ் எப்போதோ சொல்லியிருந்தான். அதனால் அவனிடம் சொல்லாமல் போனாள். எங்கே பறித்தாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, "இங்கதான் பக்கத்துல" என்று மழுப்பினாள். ஆள் போகாத இடம், மருந்து படாத இடம், அதைவிடச் சுத்தமான கீரை எங்கே கிடைக்கும்? அட்டைக்கடியோடு அவள் கொண்டு வந்து பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் எலுமிச்சம்புளியும் போட்டுப் பச்சையாகவே பிசைந்து சம்பல் வைத்தாள். பிள்ளைக்கு அது உயிர்.

மழை விட்டு வெயில் கண்ட வாரம் அது. சுப்பம்மாவின் பாய் முதற்கொண்டு லயம் முழுக்க வெளியே காய்ந்தது. நிலுஷா அன்று வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே ஏறிப்போய் மடி நிறையப் பறித்து வந்தாள். கழுவினாள், உப்புத் தண்ணியில் ஊறவைத்து மறுபடியும் கழுவினாள். பிள்ளைக்குச் சுடுசோற்றில் பிசைந்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள். "இன்னும் தா, இன்னும் தா" என்று வாங்கித் தின்றுவிட்டு, அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாள் பிள்ளை. புருஷன் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று நிலுஷா சட்டியை மூடி வைத்தாள்.

மத்தியானம் உதயராஜ் குளித்து ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தான். தட்டில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, சம்பல் விழுந்தது.

"வல்லாரையா? நல்லா கொழுகொழுன்னு இருக்கே. எங்க பறிச்ச?"

பிள்ளை தேறியிருந்த சந்தோசத்தில் அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"ஏசக்கூடாது. நாலாம் நம்பர் மலையில. மேல் கான்ல."

வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"எந்தக் கான்?"

"அதாங்க, கருங்கல்லு பக்கத்துல தண்ணி தேங்கி நிக்குமே. என்னங்க? துவக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்துதான் போறேன்."

"எப்ப பறிச்ச?"

"காலையில. ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

"பாப்பா சாப்பிட்டாளா?"

"அவளுக்குத்தானே பறிச்சேன்..."

உதயராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். எழுந்தவன் எங்கே போவதென்று தெரியாமல் நின்றான். பிறகு அந்த மனிதன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

"அங்கதான்டி டேங்க் கழுவுறேன்! நீதானே சொன்ன ஆளு போகாத எடத்துல கழுவுன்னு! மழை விட்டு மருந்தடி தொடங்கினதுல இருந்து அங்கதான். நேத்தும் கழுவினேன். முந்தாநாளு டேங்க்ல மிச்சமிருந்த மருந்து அம்புட்டையும் அந்தக் கான்லதான் ஊத்தினேன்."

நிலுஷாவுக்குக் காது அடைத்துப்போனது. மருந்தடித்த புல் அன்றைக்கே கருகாது, நாலைந்து நாள் கழித்துத்தான் மஞ்சளிக்கும் என்பது அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இத்தனை தெரிந்தும், அந்த இடத்தில் மருந்து வரும் என்று மட்டும் தெரியாமல் போனது. "அம்மா தாயே" என்று பிள்ளையின் மேல் விழுந்தாள்.

"பாப்பா! பாப்பா, எந்திரி! கண்ணத் தொற!"

பிள்ளை முனகிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அது சாப்பிட்ட அசதியா, வேறு எதுவுமா? யார் சொல்வது? நிலுஷா அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். தலை சாய்ந்தது. உதயராஜ் விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விடப் போனான். சத்தம் கேட்டு ஓடி வந்த சுப்பம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"விரல விடாதடா, சோறு மூச்சுக்குழாயில போயிரும்! ஏற்கனவே இளைப்புக்காரப் புள்ள. இக்ராமுக்குப் போன் போடு. நில்லாத, போடு!"

தோட்டத்து முடக்கில் கடை வைத்திருக்கிற இக்ராம் நானாவிடம்தான் த்ரீவீல் உண்டு. சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் வந்தார். நிலுஷா வீட்டில் போட்டிருந்த சட்டையோடு, செருப்பில்லாமல், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். சுப்பம்மா ஓடி வந்து ஒரு துவாயையும் தண்ணிப் போத்தலையும் உள்ளே எறிந்தாள்.

"தூங்க விடாதடி! பேசிட்டே போ!"

மழை அரித்த ரோட்டில் த்ரீவீல் குதித்துக் குதித்து இறங்கியது. நிலுஷா பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கோழியைப் பற்றி, திருவிழாவில் வாங்கப்போகும் வளையலைப் பற்றி, வாய் பேசிக்கொண்டே இருந்தது. கை பிள்ளையின் நெஞ்சில் இருந்தது, மூச்சு வருகிறதா என்று.

"அம்மா, வயிறு வலிக்குது."

அந்த ஒரு சொல்லில் உதயராஜ் அழத் தொடங்கினான்.

"அழுவாத தம்பி," என்றார் இக்ராம். "புள்ள பயந்துரும். அல்லாஹ் இருக்கான். இந்தக் குலுக்கலுக்கு எனக்கே வயிறு வலிக்குது."

"நானா, நான்தான் ஊத்தினேன் நானா. என் கையாலதான் ஊத்தினேன்."

"நான்தான் ஊட்டினேன்," என்றாள் நிலுஷா. "போதும் போதும்னு அவ சொல்லல. நானும் நிறுத்தல."

டவுன் வரும்வரை நிலுஷா வளையல் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சின்ன வயசுப் பெண். உதயராஜுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அன்று நாக்கு குழறியது. மருந்தின் பெயரைச் சொன்னான். எங்கே ஊற்றினான், எவ்வளவு ஊற்றினான் என்று கேட்டதற்கும் சொன்னான். தோட்டத்துக்குத் தெரிந்தால் வேலை போகுமே என்ற நினைப்பு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று அவனுக்கு வேலையே ஞாபகத்தில் இல்லை. டொக்டர் யாருக்கோ போன் பேசினார். இரத்தம் எடுத்தார்கள். ஒரு கோப்பையில் விஷத்தை இழுக்கிற கரியைக் கரைத்துக் கொண்டு வந்து பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பிள்ளை துப்பினாள், கத்தினாள், நிலுஷாவின் கையைக் கடித்தாள். நிலுஷா மூக்கைப் பிடித்து, கெஞ்சி, ஏசி, அந்தக் கரித்தண்ணியை முழுவதும் இறக்கினாள். பிள்ளையின் வாய், பல், கழுத்து எல்லாம் கறுப்பு.

"பயவென்ன எப்பா," என்றார் டொக்டர். பயப்படாதே என்று. பிறகு அரைகுறைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். "எவ்வளவு உள்ள போச்சு தெரியாது. கொஞ்சமா இருக்கலாம். ஆனா இந்த மருந்து சிறுநீரகத்துக்குக் கெட்டது. நல்லா தண்ணி குடுங்க. ஒண்ணுக்குப் போகணும். போனா நல்லம். போகலைன்னா ரத்னபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

ஒண்ணுக்குப் போகணும். அவ்வளவுதான். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். நிலுஷா தண்ணி கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் வார்டுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பிள்ளை குந்தியிருந்து சிமெந்துத் தரையில் ஊரும் எறும்பைப் பார்ப்பாள். "வரல" என்பாள். நிலுஷா குழாயைத் திறந்து தண்ணிச் சத்தம் காட்டினாள். சீ... சீ... என்று கைக்குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். வரவில்லை. நர்ஸ் மிஸ் வந்து வந்து கேட்டாள். "சூ கியாத?" ஒண்ணுக்குப் போனாளா என்று. இல்லை என்று நிலுஷா தலையாட்டுவாள். மிஸ் எழுதிக்கொண்டு போவாள்.

பொழுது சாய்ந்தது, பொழுது விடிந்தது. உதயராஜ் வார்டுக்குள் இருக்கக் கூடாதென்று வெளியே பெஞ்சில் கிடந்தவன், விடிந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் இரண்டும் பழுத்திருந்தன.

"போனாளா?"

"இல்ல."

நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான்.

"நிலு, நான் வேணும்னு செய்யல."

"தெரியும்."

"ஆத்துலயே கழுவியிருக்கலாம். இல்லாட்டி ஒங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நாலாம் நம்பர்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நானும் சொல்லலதானே. துவக்கு இருக்கும்னு நீங்க ஏசுவீங்கன்னு பயந்துக்கிட்டு."

"இனிமே அந்தச் சனியன எங்க கொண்டு போய்க் கழுவுறது, சொல்லு? நீயே சொல்லு."

அவளும் நினைத்துப் பார்த்தாள். ஆற்றில் கழுவினால் லயம். அதற்குக் கீழே கழுவினால் கீழ்ப் பிரிவு லயம். அதற்கும் கீழே சிங்களவர்களின் வயல், அப்புறம் டவுன். எல்லா இடத்திலும் யாரோ ஒருத்தி பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டுதான் இருப்பாள். வீட்டுக்குள் எதை எறிய வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எறிந்தாள். இதை எங்கே எறிவது? ஜன்னல் கம்பியிலிருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். மருந்து ஊற்றிய கைதான். வைத்துக்கொண்டே நின்றாள்.

கட்டிலுக்கு வந்தபோது பிள்ளை விழித்திருந்தாள். மிஸ் அளக்கிறதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் டொக்டர் வருவார், அதற்குள் போனால் நல்லது என்றாள். போகாவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. நிலுஷா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறதோ? காலை அமுக்கிப் பார்த்தாள். பள்ளம் விழுகிறதோ? தூங்கி எழுந்த முகம் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. இல்லை என்று மற்றது சொன்னது. மாரியாத்தா, இந்தப் பிள்ளையை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மொழி புரியாவிட்டாலும் விசயம் புரிந்திருக்க வேண்டும், எழுந்து வந்து நிலுஷாவின் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

"அம்மா."

"என்ன தங்கம்?"

"வீட்டுக்குப் போவம்."

"போவம்டா. ஒண்ணுக்கு இருந்தா போயிரலாம்."

"மிஸ் அடிப்பாங்களா?"

"ஏன் அடிக்கிறாங்க? மிஸ் நல்லவங்க."

பிள்ளை கறுத்த உதட்டைக் கடித்துக்கொண்டு, தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு நிலுஷாவின் மடியில் இளஞ்சூடாக ஏதோ பரவியது. முதலில் கொஞ்சம். பிறகு கொட்டியது. சட்டை நனைந்து, தொடை நனைந்து, கட்டில் விரிப்பு நனைந்து, சிமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவள் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடுமோ என்ற பயம். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சட்டையில போயிட்டேன்," என்று பிள்ளை அழத் தயாரானாள்.

"போ தங்கம். போ. இன்னும் போ," என்றவள் அதற்கு மேல் முடியாமல் வாய்விட்டு அழுதாள். ஜன்னலுக்கு வெளியே உதயராஜ், "என்ன? என்ன ஆச்சு?" என்று கம்பியை உலுக்கினான். நனைந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அந்த மனிதன் வெளித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு மிஸ் ஓடி வந்தாள். தரையைப் பார்த்தாள், மேசையில் காய்ந்து கிடந்த கோப்பையைப் பார்த்தாள்.

"அனே! அளக்கணும்னு சொன்னேனே," என்றாள் கொச்சைத் தமிழில். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பரவாயில்ல. நிறைய போயிருக்கு. டொக்டர்கிட்ட சொல்றேன். இரத்தம் இன்னைக்கும் எடுப்பாங்க, நாளைக்கும் எடுப்பாங்க. அது பார்த்துதான் முழுசா சொல்லுவாங்க, சரியா?"

நாளைக்கும் எடுப்பார்கள். பயம் போய்விடவில்லை, கட்டில் காலடியில்தான் உட்கார்ந்திருந்தது. நிலுஷா தலையாட்டினாள்.

"பின்னால பைப் இருக்கு. புள்ளைய தாங்க, நான் வச்சிருக்கேன். நீங்க போய்க் கழுவிட்டு வாங்க."

நிலுஷா பிள்ளையைக் கொடுக்கவில்லை. நனைந்த மடியிலேயே இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மிஸ்," என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."